ஒரே பதில் சொன்ன ஊர்

போன வாரம் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தால் ஒரு பெண்குரல். மனுஷி இல்லை, மனுஷி மாதிரி பேசக் கற்றுக்கொண்ட ஒன்று. "உங்கள் பகுதி அரசு மருத்துவமனையின் சேவை எப்படி இருக்கிறது? மிக நன்று என்றால் ஒன்றை அழுத்தவும்." எனக்கு வேர்த்துவிட்டது. இருபத்து நான்கு வருஷம் தர்மபுரி மாவட்டம் முழுக்க நடந்து, ஊர் ஊராக, வாசல் வாசலாக, "உங்க கருத்து என்னங்க?" என்று கேட்டவள் நான். என் கருத்தை இதுவரை ஒரு பிறவி கேட்டதில்லை. முதல்முறையாகக் கேட்டது ஒரு மெஷின். புளிக்கையைத் துடைத்துவிட்டு இரண்டா மூன்றா என்று யோசிப்பதற்குள் அது நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

நானாக இருந்தால் காத்திருந்திருப்பேன். அவ்வளவுதான் சொல்வேன். அதற்கு மேல் சொன்னால் வயிற்றெரிச்சல் என்பார்கள்.

என் கம்பெனியும் இப்போது போனுக்கு மாறிவிட்டது. நடக்கிறவர்கள் தேவையில்லை என்றார்கள். என் முட்டி அதற்கு முன்பே அதே முடிவுக்கு வந்திருந்தது. அதனால் சண்டை இல்லாமல் பிரிந்தோம். வயசு ஐம்பத்து மூன்று. ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. காலை எட்டு மணியானால் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது. இப்போது போனில் வேலை பார்க்கிற பெண்பிள்ளைகளின் வாட்ஸப் குழுவில் என்னை இன்னும் வைத்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, உங்க சர்வீஸ்லயே ரொம்ப கஷ்டமான கேஸ் எது?" குரல்பதிவில் சொல்ல ஆரம்பித்து மூன்று முறை அழித்தேன். பிறகுதான் நோட்டை எடுத்தேன்.

பயிற்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தர்மபுரியில் ஒரு லாட்ஜின் மேல்மாடியில் இரண்டு நாள். மத்தியானம் தக்காளி சாதம். கற்றுக்கொண்டது மூன்று. ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுகிற பொது இடத்தில் தொடங்க வேண்டும்; கோயிலோ, பள்ளிக்கூடமோ, தண்ணீர்த்தொட்டியோ. அங்கிருந்து வீடுகள் இடது கைப்பக்கமாகவே வரும்படி நடந்து, இரண்டு வீடு விட்டு மூன்றாவது வீட்டைத் தட்ட வேண்டும். அந்த வீட்டில் யாரிடம் கேட்பது என்பதை நாம் முடிவு செய்யக்கூடாது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களை மூப்பு வரிசையில் எழுதி, பாரத்தில் அச்சடித்த கட்டத்தில் விரலை ஓட்டினால், கட்டம் ஒரு ஆளைக் காட்டும். அவரிடம்தான் கேட்க வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டமான பாடம்: தலையாட்டக்கூடாது. நம் ஊரில் ஒருவர் பேசும்போது தலையாட்டாமல் கேட்டால் காது கேட்காதவள் என்று நினைப்பார்கள், இல்லை திமிர் பிடித்தவள் என்பார்கள். நான் இரண்டு பெயரையும் வாங்கியிருக்கிறேன்.

கட்டம் எப்போதும் அந்த வீட்டில் யார் பேசக்கூடாது என்று எல்லோரும் நினைக்கிறார்களோ அவரையே காட்டும். அது என்ன மாயமோ. "அவளுக்கு என்னாங்க தெரியும், என்னக் கேளுங்க" என்று வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவரை நோகாமல் எழுப்புவதுதான் பாதி வேலை. மீதிப் பாதி, நான் ரேஷன் கார்டுக்கு வந்தவள் இல்லை, குடும்பக்கட்டுப்பாட்டுக்கு வந்தவள் இல்லை, பையனுக்குப் பொண்ணு பார்க்க வந்தவளும் இல்லை என்று நிரூபிப்பது.

மாரண்டஹள்ளியில் ஒரு தக்காளி விவசாயி. "நாட்டோட பொருளாதாரம் போன வருஷத்தைவிட இப்ப எப்படிங்க இருக்குது?" என்று படித்தேன். "செத்த இருங்க" என்று மண்டிக்குப் போன் போட்டு அன்றைய தக்காளி விலையைக் கேட்டார். வைத்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்குதுங்க, எழுதிக்கங்க" என்றார். நாலு நாள் கழித்து வேறொருவர் அதே கேள்வியைச் சரிபார்க்கப் போனபோது, "நாசமாப் போச்சுங்க, எந்தக் கட்சி வந்தாலும் தேறாது" என்றாராம். நாலு நாளில் நாட்டுக்கு என்ன ஆயிற்று என்று ஆபீசிலிருந்து கேட்டார்கள். கிலோ எட்டு ரூபாய் ஆயிற்று என்று எழுதி அனுப்பினேன்.

அப்படிச் சரிபார்க்கிறவர்தான் எங்கள் ஜாபர் சார். பேக் செக் என்போம். நாங்கள் கேட்டுவிட்டு வந்த வீடுகளில் சிலவற்றுக்கு அவர் தனியாகப் போவார். "இன்ன அம்மா வந்தாங்களா, இதைக் கேட்டாங்களா, நீங்க இப்படிச் சொன்னதா எழுதியிருக்குது, சரிதானுங்களா?" என்று பாரத்தில் உள்ளதை வாசித்துக் காட்டிக் கேட்பார். மரத்தடியில் உட்கார்ந்து தானே பூர்த்தி செய்துவிட்டு வருகிற ஆட்கள் எங்கள் தொழிலில் உண்டு. அவர்களைப் பிடிப்பதற்கு இதுதான் வலை. ஜாபர் சார் தர்மபுரி டவுன்காரர். குடும்பத்தில் எல்லோரும் ஜவுளி வியாபாரம். வாடிக்கையாளர் எடுக்கிற எல்லாச் சேலையையும் "உங்களுக்குன்னே நெய்தது" என்று சொல்ல வேண்டிய தொழிலில் பிறந்து, எதைப் பற்றியும் எதுவும் சொல்லாத தொழிலுக்கு வந்து சேர்ந்தவர். என்னைவிட எட்டு வயது சின்னவர். ஆனால் அவருடைய முகத்துக்கு வயசு கிடையாது. சுண்ணாம்பு அடித்துக் காய்ந்த சுவர் மாதிரி இருக்கும். எதற்கும் கறைபடாது. ஒரு வீட்டில் கண்ணீர்விட்டு அழுதாலும், இன்னொரு வீட்டில் நாய் விரட்டினாலும் கேட்பது ஒன்றே: "அப்புறங்க?"

டீ எப்படி சார் என்று கேட்டால்கூட, "சூடா இருக்குதுங்க" என்பார். நல்லா இருக்கிறதா என்பதற்கு அதில் பதில் இருக்காது. வெறுப்பேற்றுவதற்காகவே நாங்கள் கேட்போம். "சார், இந்தப் புதுச் சட்டை உங்களுக்கு எடுப்பா இருக்குதா இல்லையா?" ஒரு கணம் சட்டையைப் பார்ப்பார். "நீல நிறங்க" என்பார். அவர் மனைவி எப்படித்தான் குழம்பில் உப்பு சரிபார்க்கிறாரோ என்று ஒரு பெரிய கேள்வி எங்கள் குழுவில் பல வருஷம் இருந்தது. கேட்கத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை.

இப்போது அந்த ஊருக்கு வருகிறேன். கடத்தூர்ப் பக்கம். பேரைச் சொல்ல மாட்டேன். பதில் சொன்னவர்களின் பேரும் ஊரும் வெளியே போகாது என்று அந்த வாசல்களில் நின்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். வேலை போனதால் வாக்குப் போய்விடாது.

அரசு வசதிகளைப் பற்றிய சர்வே. தண்ணீர், ரேஷன், ரோடு, ஆஸ்பத்திரி, பஸ். கடைசியாக எந்தக் கட்சி என்று ஒரு கேள்வி. ஊருக்குப் பதினைந்து வீடு. மெயின் ரோட்டில் இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்தேன். ஏனென்றால் அந்த ஊர் டவுன் பஸ் நின்றுபோயிருந்தது. வழியில் ஒரு சிறு பாலம் இடிந்ததால் நிறுத்தினார்கள். பாலத்தைக் கட்டி முடித்தார்கள். பஸ் மட்டும் பாலத்தை மறந்துவிட்டது. நடந்த வழியெல்லாம் ஸ்கூட்டர்கள். சேலை பறக்க, துப்பட்டா பறக்க, பால் கேன் தொங்க, பெண்கள் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். வெயிலில் நடக்கிறவளுக்கு அது பார்க்க அழகாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது மாரியம்மன் கோயில். அங்கேதான் தொடங்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து அங்கே ஊரே உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை, பண்டிகைப் பேச்சு. நடுவில் ஊர்க்கவுண்டர், அறுபது வயசு, கழுத்தில் துண்டு, குரல் மைக் இல்லாமலே மைக். எங்கள் பக்கம் ஊர்ப் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வாசல் ஏறினால் அது மரியாதை இல்லை. சொன்னேன். அடையாள அட்டையைக் காட்டினேன். அவர் கேட்டார்: "என்னாம்மா கேக்கப் போற? இங்கயே ஒருக்கா படி, ஊரு கேக்கட்டும். ஊருக்குத் தெரியாத கேள்வி எங்களுக்கு எதுக்கு?"

பாரத்தை யாருக்கும் முன்கூட்டிக் காட்டக்கூடாது, வாசிக்கக்கூடாது. தெரியும். இருபத்தோரு வருஷமாகத் தெரியும். ஆனால் சுற்றி எண்பது பேர், வெயில், தாகம், மரியாதையான குரல். கையில் மோர்ச் சொம்பு வேறு கொடுத்துவிட்டார்கள். மோர் குடித்த வாயால் முடியாது என்று எப்படிச் சொல்வது? படித்தேன். முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டு படித்தேன்.

படித்து முடித்ததும் வீடுகளுக்குப் போகலாம் என்று பாரத்தை மடித்தேன். ஊர்க்கவுண்டர் கை காட்டினார். "இரும்மா. ஒவ்வொன்னா பேசி முடிச்சிரலாம்."

பேசி முடித்தார்கள். என் கண் முன்னாலேயே. பண்டிகைக்கு எத்தனை கிடா என்று முடிவு செய்த அதே ஒழுங்கோடு தண்ணீர் எப்படி என்று முடிவு செய்தார்கள். "தண்ணி மோசம்." "ரேஷன்? பாவம், அந்தப் பையன் நல்லவன். பரவாயில்லன்னு போடுங்க." "ஆஸ்பத்திரி? டாக்டர் வந்தா நல்லாருக்கும்." "அது பதில் இல்லீங்களே" என்றேன் நான். "அப்ப மோசம்." பஸ் வசதியைக் கூட்ட வேண்டுமா என்ற கேள்விக்கு மூன்று பதில் உண்டு: மிகவும் தேவை, ஓரளவு தேவை, தேவையே இல்லை. "இதுல பேச்சே கெடையாது. ரொம்பத் தேவை. பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே இல்லாத பஸ்ஸு, அவங்களுக்குத்தான் பெரிய நட்டம்" என்றார் ஊர்க்கவுண்டர். பெண்கள் ஓரமாக நின்றிருந்தார்கள்.  எந்தக் கட்சி என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் சலசலப்பு. கடைசியில் அதையும் ஒற்றுமையாகத் தீர்த்தார்கள்: எல்லோரும் "சொல்ல விருப்பமில்லை" என்று சொல்வது.

அப்புறம் இடது கைப்பக்கம் வீடு வர நடந்தேன். எதற்கு நடந்தேன்? பதில்தான் ஏற்கெனவே என் பையில் இருந்ததே. ஒவ்வொரு வாசலிலும் மனப்பாடச் செய்யுள். நான்காவது வீட்டில் ஒரு பெரியவருக்கு நடுவில் மறந்துவிட்டது. சுவரைத் தாண்டிக் கூப்பிட்டார்: "டேய் சின்னசாமி, ஏழாவதுக்கு என்னாடா சொன்னோம்?" சுவருக்கு அந்தப்பக்கமிருந்து, "மோசம்னு சொன்னோம் சித்தப்பா!" "மோசம்னு எழுதிக்கம்மா." எழுதிக்கொண்டேன்.

ஒன்பதாவது வீடு. அங்கே மாமியார், மகன், மருமகள். மாமியார் வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். மகன் வயலுக்குப் போயிருந்தான். கட்டம் மருமகளைக் காட்டியது. இருபத்தாறு இருபத்தேழு வயசு. வாசலில் ஒரு ஸ்கூட்டர். வெயில் படாமல் பழைய சேலையால் போர்த்தி, குழந்தையைத் தூங்க வைத்த மாதிரி வைத்திருந்தாள். கேள்விகள் ஓடின. மாமியாரின் சுத்தியல் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு தட்டு. பஸ் கேள்வி வந்தது. மூன்று பதிலும் அச்சடித்த அட்டையை அவளிடம் நீட்டினேன். "ரொம்பத் தேவைங்க" என்றாள் உரக்க. கோயில் வரைக்கும் கேட்கும்படி. ஆனால் அவளுடைய ஆள்காட்டி விரல் அட்டையின் கடைசி வரியில் இருந்தது: தேவையே இல்லை. நகம் வெளுக்க அழுத்தியிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். விரலை எடுக்கவில்லை.

வாய் ஒன்று சொல்லி விரல் ஒன்று காட்டினால் மறுபடி கேட்க வேண்டும் என்பது விதி. புளிச் சுத்தியலுக்குப் பக்கத்தில் எப்படிக் கேட்பேன்? நன்றி சொல்லி எழுந்தேன். ஸ்கூட்டரை நகர்த்தி வழிவிடுகிற சாக்கில் வாசல்வரை வந்தாள். அரை நிமிஷம். அவ்வளவுக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"அக்கா, பஸ் நின்னதாலதான் எனக்கு இந்த வண்டி வந்துச்சு. தையல் கம்பெனிக்கு எட்டு மணிக்கு உள்ள போவணும். பஸ் வந்தா ஒம்பதரைக்குத்தான் வரும். பஸ் வந்துட்டா வண்டியை ஓசூர்ல இருக்கற கொழுந்தனுக்குக் குடுத்துரலாம்னு பேசி வெச்சிருக்காங்க. வண்டி வந்த பொறவுதாங்க்கா, இந்த ஊரு எத்தனை ரோட்டுக்கு நடுவுல இருக்குதுன்னே எனக்குத் தெரிஞ்சுது."

பாலத்தடியில் உட்கார்ந்து ஒன்பதாவது பாரத்தில் விரல் சொன்னதை எழுதினேன். தேவையே இல்லை.

சாயங்காலம் கடத்தூர் பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் ஜாபர் சாரிடம் பாரங்களைக் கொடுத்தேன். எல்லோரும் ஒரு பாரத்தை மேலிருந்து கீழாகப் படிப்பார்கள். அவர் பதினைந்தையும் மேசையில் படிக்கட்டு மாதிரி அடுக்கி, ஒரே கேள்வியைப் பதினைந்திலும் குறுக்கே படிப்பார். முதல் கேள்வி, பதினைந்து மோசம். இரண்டாவது, பதினைந்து பரவாயில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பஸ் கேள்விக்கு வந்தார். பதினாலு ஒரு பக்கம், ஒன்று ஒரு பக்கம்.

"எங்க உக்காந்து எழுதினீங்க?" என்றார்.

குரலில் ஒன்றுமே இல்லை. ஆனால் எங்கள் தொழிலில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் ஒன்றுதான். அதைக் கேட்டபின் வேலையில் இருந்தவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. வீடுகளுக்குப் போனேன் சார் என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். பேக் செக்கில் ஊரே எனக்குச் சாட்சி சொல்லும். ஆனால் எதிரில் இருக்கிற முகத்தில் எழுதுவதற்கு எதுவும் இல்லாதபோது, நம் முகத்தில் இருப்பதெல்லாம் கொட்டிவிடுகிறது. சொன்னேன். கோயிலை, மோரை, எண்பது பேருக்குப் படித்ததை.

"அப்புறங்க?"

விரலைச் சொன்னேன். வண்டியைச் சொன்னேன்.

"நாளைக்கு பேக் செக் போகணுங்க. எல்லாம் ஒரே மாதிரி இருந்து ஒன்னு மட்டும் தனியா இருந்தா, அந்த வீட்டுக்குத்தான் முதல்ல போகணும்."

"சார், அங்க மாமியார் இருப்பாங்க. நீங்க பாரத்துல இருக்கறதை வாசிப்பீங்க. தேவையே இல்லைன்னு சொன்னதா எழுதியிருக்குதுன்னு. அந்தப் பொண்ணுக்கு வண்டி போயிரும் சார். ஊரு அவளைச் சும்மா விடாது."

"வாசிக்கணும்கறது விதிங்க" என்றார். பாரங்களை அடுக்கிப் பையில் வைத்தார். பப்ஸை முழுசாகச் சாப்பிட்டார். நல்லா இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே பாலத்துக்குப் பக்கத்தில் நின்றேன். அவரைத் தடுத்து நிறுத்தி என்ன சொல்வதாக இருந்தேன் என்று எனக்கே தெரியாது. பைக் வந்தது. பின்சீட்டில் பட்டுச்சேலை வைக்கிற அட்டைப்பெட்டி ஒன்று, நாலு பக்கமும் பழுப்பு டேப் ஒட்டி, மேலே சீட்டுப் போட ஒரு கீறல். கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அண்ணன் கடைப் பெட்டி.

"மறைவு கெட்டுப்போன ஊர்ல பழைய பாரத்தை ரத்து பண்ணிட்டு, ஒரு கேள்வியை மட்டும் பெட்டி வெச்சு மறுபடி கேக்கலாம்னு விதி இருக்குதுங்க" என்றார். "ராத்திரி தேடிப் பாத்தேன்."

பாலத்துச் சுவர்மேல் வைத்துப் பதினைந்து பாரத்திலும் குறுக்கே கோடு போட்டார். ஒன்பதாவதிலும் அதே கோடு. வேகம்கூட மாறவில்லை.

ஊர்க்கவுண்டருக்குப் பெட்டியைப் பார்த்ததும் உற்சாகம். எலக்சன் மாதிரியே இருக்கிறதே என்றார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: "பொட்டியை எங்க முன்னாடி தொறக்கணும் சார். எங்க ஊரு கருத்தை எங்களுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போவக்கூடாது."

ஜாபர் சார் கோயில் படியில் உட்கார்ந்து கையேட்டைப் புரட்டினார். முன்னிருந்து பின், பின்னிருந்து முன். நல்ல பத்து நிமிஷம். தனி ஆள் பதிலைச் சொல்லக்கூடாது என்று இருக்கிறது. மொத்தத்தைச் சொல்லக்கூடாது என்று இல்லை. "மொத்தம் மட்டும் சொல்றங்க" என்றார்.

 மொத்தத்தில் ஒன்றே ஒன்று தனியாக வந்தால் அது யார் என்று மாலைக்குள் கண்டுபிடித்துவிடுவார்களே. நான் அவர் சட்டைக் கையைப் பிடித்தே இழுத்தேன். "பதினஞ்சு பேரும் எழுதட்டுங்க" என்றார், அவ்வளவுதான்.

ஒவ்வொரு வீடாக நாங்கள் இரண்டு பேரும் போனோம். பஸ் கேள்வியும் அதன் மூன்று பதிலும் மட்டும் இருந்த சீட்டு, எல்லாம் ஒரே அளவு. பேனா இல்லை, எல்லோருக்கும் ஒரே பென்சில். மை நிறம் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்றார். எழுத்து கூடாது, டிக் மட்டும். ஒரு மடிப்பு மட்டும். அழகாக நாலாக மடிக்கிறவர்களையும் அடையாளம் தெரிந்துவிடுமாம். முந்தினநாள் கட்டம் காட்டிய ஆள் மட்டும் சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். வீட்டுக்காரர் பின்னாலேயே போனால் ஜாபர் சார், "அண்ணா, கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?" என்று கேட்டு நிறுத்துவார். யார் வீட்டிலும் ஒரு வாய் வாங்கிக் குடிக்காத மனுஷன் அன்றைக்குப் பதினொரு சொம்பு தண்ணீர் குடித்தார். ஒன்பதாவது வீட்டில் அவள் உள்ளே போனாள், வந்தாள், போட்டாள். என்னைப் பார்க்கவில்லை. முந்தினநாள் சொன்னது என்ன ஆகுமோ என்று கம்பெனிக்கு அரைநாள் லீவு சொல்லியிருந்தாள்.

கோயிலில் பெட்டியைத் திறந்து, சீட்டுகளைக் கலக்கி, மூன்று குவியலாகப் பிரித்தார். ஊர் சுற்றி நின்றது. முதல் குவியலில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மிகவும் தேவை. ஐந்தாவது சீட்டு மூன்றாவது குவியலுக்குப் போனது. நான் என் செருப்பைப் பார்த்தேன். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அடுத்ததும் மூன்றாவதற்கே போனது. தலையை நிமிர்த்தினேன். அப்புறம் முதலாவதற்கு ஒன்று. அப்புறம் மூன்றாவதற்கு இன்னொன்று.

"மிகவும் தேவை எட்டு. ஓரளவு தேவை ஒன்னு. தேவையே இல்லை ஆறுங்க" என்றார் ஜாபர் சார், டீ சூடாக இருக்கிறது என்கிற அதே குரலில்.

 ஊர்க்கவுண்டர் மூன்றாவது குவியலைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து ஊரைப் பார்த்தார்.

"யாருப்பா அந்த ஆறு பேரு?"

 ஆண்கள் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள். பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அம்மனைப் பார்த்தார்கள். ஷேர் ஆட்டோ வைத்திருக்கிற ஒருவர் கேட்காமலே, "எங்க வூட்டுக்கு இவங்க வரவே இல்லீங்க" என்று சத்தியம் செய்தார். ஊர்க்கவுண்டர் ஜாபர் சாரிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "சார், இது எங்க ஊரு பொட்டிதானுங்களா? வேற ஊருது மாறி வந்துருச்சா?"

"உங்க ஊர்துதாங்க."

"ஆறா?"

"ஆறுங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "எங்கூட்டுலயும் கட்டம் பொம்பளையத்தான காட்டுச்சு" என்று யாருக்கும் சொல்லாமல் சொன்னார்.

ஜாபர் சார் சீட்டுகளைப் பெட்டியில் போட்டு மறுபடி டேப் ஒட்டி, பின்சீட்டில் கட்டினார். அறிக்கையில் என்னைப் பற்றி இரண்டு வரி எழுதியிருப்பதாகச் சொன்னார். பிறகு ஆபீசில் படித்தேன்: "களப்பணியாளர் பாரத்தை ஊரில் வாசித்தது தவறு. தவறைத் தானே சொன்னார்." இரண்டு வரிக்கும் நடுவில் அவர் எந்தப் பக்கம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆறு வாரம் என்னைக் களத்துக்கு அனுப்பவில்லை. அப்புறம் அனுப்பினார்கள்.

பின்சீட்டில் பெட்டி இருந்ததால் எனக்கு இடமில்லை. மெயின் ரோடு மூன்று கிலோமீட்டர். ஒன்பதாவது வீட்டு மாமியார் கூட்டத்திலிருந்தே மருமகளைக் கூப்பிட்டார்: "ஏம்மா, அந்தம்மா வெய்யில்ல நடக்கறாங்க பாரு. கம்பெனிக்குப் போவறப்ப ரோட்டுல வுட்டுட்டுப் போ."

ஸ்கூட்டரில் அவள் பின்னால் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் ராகி, தூரத்தில் மலை, முன்னால் கொஞ்ச தூரத்தில் ஜாபர் சாரின் பைக்கும் அதன்மேல் பெட்டியும். பாலம் தாண்டினோம். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தால் சிரிப்பு.

"அக்கா, எங்க மாமியா இப்ப என்னா சொன்னாங்க தெரியுமா? ஊருல ஆறு வூட்டுல பஸ்ஸே வேணாங்கறாங்களாம், அத்தன வூட்டுலயும் வண்டி வெச்சிருக்கப் போறாங்க, நாம மட்டும் எதுக்கு நம்ம வண்டியத் தூக்கி ஓசூருக்கு அனுப்பறது, நாலு பேரு என்னா நெனப்பாங்கன்னு சொல்றாங்க."

"நல்லதாப் போச்சு" என்றேன். தலையாட்டினேன். அன்றைக்குத் தலையாட்டலாம் என்று தோன்றியது.

"ஆனா ஒன்னுக்கா." வேகத்தைக் குறைத்தாள். "நான் ரொம்பத் தேவைன்னுதான் டிக் அடிச்சேன்."

"என்னம்மா சொல்ற?"

"தேவையில்லன்னு ஒன்னே ஒன்னு வந்தா நான்தான்னு தெரிஞ்சிரும்னு பயந்துட்டங்க்கா. பென்சிலை வெச்சுட்டு ரொம்ப நேரம் நின்னேன். மொத்த ஊருலயும் நான் ஒருத்திதான்னு நெனச்சிட்டிருந்தேன்." கண்ணாடியில் என் முகத்தைத் தேடினாள். "அந்த ஆறு பேரு யாருக்கா?"

"எனக்குத் தெரியாதும்மா."

முன்னால், பட்டுச்சேலைப் பெட்டிக்குள் ஒரு தப்பான டிக்கைக் கட்டிக்கொண்டு, எதுவும் தெரியாமல், இடதுபக்கம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தார் ஜாபர் சார்.

"ஹாரன் அடிச்சு நிறுத்தட்டுமாக்கா? சொல்லிரலாமா?"

"வேணாம்" என்றேன். "நீ மெதுவா ஓட்டு. அவரு முன்னால போவட்டும்."